காற்று திரும்பிய சனிக்கிழமை

அந்த ஐப்பசியில் சாராள் சொன்ன முதல் புயல் வரவேயில்லை.

எழுபத்தேழாம் வருஷம். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தாள் சாராள். வயது இருபத்தொன்பது. வங்கக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மேற்கு மலையில் மோதும்போது என்ன ஆகிறது, எவ்வளவு ஈரம் மழையாக இறங்குகிறது, எவ்வளவு மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். அவளுடைய அப்பா யோசேப்புக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, கிழக்குப் பார்த்த சரிவில், முப்பது ஏக்கர் ஏலத்தோட்டமும் இருந்தது. மகள் கேட்டாள் என்று, தோட்டத்தில் பச்சைக் காயை உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடத்தை வெட்டித் திருத்திக் கொடுத்தார். அங்கே நாலு கால் நட்டு, சுற்றிலும் காற்றுப் புகுகிற மாதிரிப் பலகை அடித்த வெள்ளைப் பெட்டி ஒன்றை ஏற்றி வைத்தாள்.

பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டுகிற அளவுக்கு நடுவே வித்தியாசம் அதிகமாக இருந்தால் காற்று காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் ஏறுகிறது. தினமும் இரண்டு வேளை இதைப் பார்த்து எழுதி வைத்தவர் மொக்கையன். ஸ்டோரில் அடுப்பெரித்துக் காய் உலர்த்துவது அவர் வேலை. சனி, ஞாயிறில் சாராளே மலைக்கு வந்துவிடுவாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் கடலில் ஒரு புயல் சின்னம் உருவானதாக ரேடியோ சொன்னது. கடல் நல்ல சூட்டில் இருந்தது. சாராள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வரும், பலமாகத்தான் வரும் என்று தோன்றியது. சிலமலையிலிருந்து காய் எடுக்க வருகிற இருபத்திரண்டு பெண்களையும் இரண்டு நாளைக்கு மலையேற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அந்த இரண்டு நாளும் வெயில் பளீரென்று அடித்தது. புயல் கடலிலேயே கரைந்துபோனது. வடக்கே நிலத்தின் மேலிருந்து காய்ந்த காற்று அதற்குள் புகுந்துவிட்டது என்பதும், மேலே ஏறிக்கொண்டிருந்த ஈரம் அத்தோடு அறுந்துவிட்டது என்பதும் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெண்கள் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் மேகமே இல்லாத நாளுக்கு 'டீச்சர் மழை' என்று பேர் வைத்துவிட்டார்கள். சாராள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் போய், பெண்களுக்குத் தலைவியாக இருந்த அன்னக்கொடியைப் பார்த்து, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்னக்கொடி நாற்பதைத் தாண்டியவள். அதிகம் பேசமாட்டாள். வெயிலுக்கு மன்னிப்புக் கேட்டு ஒருத்தர் வீடு தேடி வருவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை விடிவதற்குள் அடுத்த புயல் கிழக்குக் கரையைக் கடந்துவிட்டது. ஜீப் ஓட்டுகிற பால்பாண்டி டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னான். கரை கடந்தாகிவிட்டது, இனி வலு குறைந்துவிடும் என்று செய்தியில் சொன்னார்களாம். பண்டிகைக்காக நாலு நாள் யாரும் மலையேறவில்லை. பழுத்த காய் செடியிலேயே வெடிக்கத் தொடங்கியிருக்கும். அன்றைக்கும் போகாமல் இருக்க முடியாது. ஜீப் இரண்டு நடையில் எல்லாரையும் கொண்டுபோய்த் தோட்டத்தில் இறக்கியது.

முதல் நடையில் சாராள் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். ரேடியோ சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். புயல் உயிரோடு இருப்பது வெதுவெதுப்பான கடல் கொடுக்கிற நீராவியால்தான். நிலத்துக்கு வந்ததும் அந்த வரத்து நின்றுவிடும், காற்றின் வேகம் தணிந்துவிடும். ஆனால் அது ஏற்கெனவே கடலில் ஏற்றிக்கொண்ட தண்ணீர் எங்கே போகும்? முந்தல் செக்போஸ்டைத் தாண்டி மலைரோடு ஏறுகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை வாயைத் திறந்து வேடிக்கையாகிப்போனதால் இந்த முறை திறக்கக் கூச்சமாக இருந்தது.

மேலே போனால் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வடமேற்கிலிருந்து, மலைக்கு மேலேயிருந்து கீழ்நோக்கிக் காற்று வீசியது. வெதுவெதுப்பான, காய்ந்த காற்று. ஐப்பசியில் கிழக்கிலிருந்து கொண்டல் வீசவேண்டிய இடத்தில் மேற்கேயிருந்து ஆடி மாதத்து மேகாத்து வீசுகிறதே என்று மொக்கையன் அதிசயப்பட்டார். பெண்களுக்குச் சந்தோஷம். சேலை நனையாமல் காய் எடுக்கிற நாள் மலையில் அபூர்வம். பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது இரண்டு வெப்பமானிக்கும் ஐந்தரை டிகிரி வித்தியாசம் இருந்தது.

சாராள் நோட்டில் ஒரு வட்டம் போட்டாள். புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் நடு இப்போது நமக்கு வடகிழக்கே எங்கேயோ இருக்கிறது. அதனால்தான் நமக்குக் காற்று வடமேற்கிலிருந்து வருகிறது. மலையிலிருந்து இறங்குகிற காற்று சூடேறிக் காய்ந்துவிடும். இந்த வெயிலுக்குக் காரணம் அதுதான். நடு அப்படியே மேற்கே நகர்ந்து நமக்கு வடக்கே தாண்டிப் போனால் காற்று திரும்பும். தெற்கிலிருந்து வரும், அப்புறம் தென்கிழக்கிலிருந்து வரும். கடலிலிருந்து வந்த ஈரம் பூராவும் இந்தச் சரிவில் ஏறும். நோட்டை மூடி வைத்துவிட்டு அரை மணிக்கு ஒரு தரம் பெட்டியைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு மணிக்கு வித்தியாசம் நாலு டிகிரி. ஒன்றரைக்குக் காற்று நின்றுபோனது. ஸ்டோர் புகைக்கூண்டிலிருந்து புகை நேராக மேலே போனது. ஏல இலை ஒன்றுகூட அசையவில்லை. இரண்டு மணிக்குத் தெற்கிலிருந்து மெதுவாக ஒரு காற்று வந்து முகத்தில் பட்டது. பத்து நிமிஷத்தில் அது தென்கிழக்குக்கு மாறியது. கீழே போடிச் சமவெளி இருந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. வித்தியாசம் ஒரு டிகிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரையாகக் குறைந்தது.

ஆட்களைக் கூப்பிட ஸ்டோர் வாசலில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை மொக்கையன் தட்டினார். சாப்பாட்டு நேரம் முடிந்து செடிக்குள் போயிருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று கூடையோடு ஏறி வந்தார்கள்.

பால்பாண்டி ஜீப்பைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான். மழை இறங்குவதற்குள் இரண்டு நடையாக எல்லாரையும் கீழே சேர்த்துவிடலாம் என்றான். கேட்டவர்களுக்கெல்லாம் அது நியாயமாகத்தான் பட்டது. சாராள் வேண்டாம் என்றாள். தோட்டத்துப் பாதை மலைரோட்டில் சேர்வதற்குள் இரண்டு ஓடையைத் தாண்ட வேண்டும். அதற்கப்புறம் பதினாலு வளைவு. முதல் நடை பாதி வழியில் இருக்கும்போதே மழை பிடித்துவிடும். எல்லாரும் ஸ்டோரிலேயே இருங்கள், அது பாறையின் மேல் கட்டியது என்றாள்.

யாரோ பின்னாலிருந்து 'டீச்சர் மழை' என்று முணுமுணுத்தார்கள். அன்னக்கொடி திரும்பிப் பார்த்ததும் சத்தம் அடங்கியது.

"போன தடவை மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள் அன்னக்கொடி. கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"போன தடவை நான் கடலோட சூட்டை மட்டும் பாத்தேன் அக்கா. காத்துல ஈரம் தொடர்ந்து வருதான்னு பாக்கல. இப்ப ஈரம் நம்ம கண்ணு முன்னாடி ஏறுது. ரேடியோவுல ஓஞ்சுபோச்சுன்னு சொல்றது காத்து வேகத்தைத்தான். கடல்ல எடுத்த தண்ணி இன்னும் அதுக்கிட்டதான் இருக்கு. அந்தக் காத்து இந்த மலையில ஏறணும். ஏறுனா குளுந்துரும். குளுந்தா கொட்டிரும்."

"எம்புட்டு நேரத்துல?"

"அரை மணியோ, ஒரு மணியோ. சரியாச் சொல்லத் தெரியல. நான் சொல்றது இப்பவும் தப்பாப் போகலாம்."

அன்னக்கொடி கொஞ்ச நேரம் கீழே அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்தாள். அவள் இறக்கியதைப் பார்த்து மற்றவர்களும் இறக்கினார்கள்.

பொன்னுமணி மட்டும் இறக்கவில்லை. அவளுக்கு வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். எப்படியும் போயே ஆகணும் என்று அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த இன்னும் நாலு பேரும் அவள் பக்கம் போய் நின்றார்கள். தன் கணக்கை நம்பி ஒரு தாயைப் பிடித்து நிறுத்தச் சாராளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்னக்கொடிதான் முடிவெடுத்தாள். அந்த ஐந்து பேரும் ஜீப்பில் போகட்டும், நானும் கூடப் போகிறேன், மற்றவர்கள் இங்கேயே இருக்கட்டும் என்றாள். ஜீப்பில் ஏறப்போன அவளிடம் சாராள் ஒன்று மட்டும் சொன்னாள்: ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவே இருந்தாலும், நிறம் சிவப்பாக இருந்தால் தாண்ட வேண்டாம். மேலே எங்கேயோ மண் சரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அன்னக்கொடி தலையாட்டிவிட்டு ஏறினாள். ஜீப் போய்ப் பத்து நிமிஷத்தில் முதல் துளி தகரத்தில் விழுந்தது. மழை தூறலாகத் தொடங்கவில்லை. வந்த வேகத்திலேயே பெட்டியும் தெரியவில்லை, பத்தடியில் இருந்த பலாமரமும் தெரியவில்லை.

ஸ்டோருக்குள் தட்டுத் தட்டாக அடுக்கிய காய் பாதி உலர்ந்த நிலையில் இருந்தது. ஆட்கள் நிற்க இடம் வேண்டுமென்றால் தட்டுகளைக் கழற்றி வெளித் தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். இந்த ஈரத்தில் வைத்தால் பச்சை மாறிப் பழுப்படித்துவிடும் என்றார் மொக்கையன். சாராள் கழற்றச் சொன்னாள். அவர் வேறு எதுவும் கேட்காமல் முதல் தட்டைத் தானே கழற்றினார். பிறகு சரிவுக்குக் கீழே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் இருந்த மூன்று குடும்பங்களையும் கூட்டி வரப் போனார். அங்கேதான் அவருடைய மகள் சந்திரவல்லி, பிறந்து மூன்று மாதமான பிள்ளையோடு பிரசவத்துக்குப் பிறகு வந்து தங்கியிருந்தாள். எல்லாரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

சாராள் கதவருகிலேயே நின்றாள். மழையின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம், கல்லோடு கல் உருள்கிற சத்தம், கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. ஜீப்பில் போனவர்களை நான் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். நிறுத்தியிருந்தால் நின்றிருப்பார்களா என்றும் நினைத்தாள்.

நாலேகால் மணிக்கு அவர்கள் நடந்து வந்தார்கள். ஏழு பேரும் வந்தார்கள். பால்பாண்டிக்கு முழங்காலில் காயம்.

நடந்ததை அவன்தான் சொன்னான். முதல் ஓடையில் தெளிந்த தண்ணீர், சுலபமாகத் தாண்டிவிட்டார்கள். இரண்டாவது ஓடையிலும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை. ஆனால் செங்கல்லைக் கரைத்த மாதிரி ஓடியது. ஒரே அழுத்தில் தாண்டிவிடலாம் என்று இவன் கியரைப் போட்டான். அன்னக்கொடி இறங்கி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். என் மேலே ஏற்றிவிட்டுப் போ என்றாளாம். இவன் ஹாரன் அடித்தான், கெஞ்சினான், அவள் நகரவில்லை. அந்தத் தகராறு முடிவதற்குள் மேலேயிருந்து ஒரு முழு மரம் வேரோடு வந்தது. அதற்குப் பின்னாலேயே கல்லும் மண்ணும் வந்து பாதையை அப்படியே அள்ளிக்கொண்டு போயின. ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினால் முதல் ஓடை இடுப்பளவுக்கு வந்திருந்தது. ஒருத்தர் சேலை முந்தானையை இன்னொருத்தர் இடுப்பில் முடிந்துகொண்டு தாண்டினார்கள். பால்பாண்டி கடைசியாக வந்து கல்லில் விழுந்தான்.

அன்னக்கொடி சேலையைப் பிழிந்துகொண்டு அடுப்புக் குழாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பொன்னுமணி ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டியதில் மார் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. சந்திரவல்லி எழுந்து போய், தன் பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொன்னுமணி சற்று நேரம் பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மொக்கையன் பெரிய குண்டானில் கஞ்சி காய்ச்சினார். நனைந்து வந்தவர்களின் ஈரச்சேலை உலர்ந்த ஆவி மேலே போய்த் தகரத்தில் பட்டுச் சொட்டுச் சொட்டாகத் திரும்பி விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, கடல் தண்ணிக்கு இம்புட்டு வெறி எங்கிருந்து வருது என்று கேட்டாள் அன்னக்கொடி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை வாங்கிக்கொண்டு போகும், மேலே போய்த் திரும்பத் தண்ணீராகும்போது அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும், அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தூக்கும், கீழே அழுத்தம் குறைய, புது ஈரக்காற்று ஓடி வரும், இப்படியே சுற்றிச் சுற்றிப் புயல் பெருகும் என்று சாராள் சொன்னாள். அது நெசந்தான் என்றார் மொக்கையன். பச்சைக் காய் ஏற்றிய முதல் சில மணி நேரத்தில், ஆவி போய் வேர்க்கிற தகரத்தைத் தொட்டால் கை சுடும், காய் உலர்ந்த பிறகு அவ்வளவு சுடாது, முப்பது வருஷமாக ஏன் என்று தெரியாமலே தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்றார்.

மழை மறுநாள் பத்து மணிக்கு விட்டது. கீழே போய்ப் பார்த்தார்கள். லயத்தில் பின்சுவர் மூன்றும் விழுந்து, உள்ளே ஜன்னல் உயரத்துக்குச் சேறு நின்றது. மொக்கையன் தன் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். உள்ளே கட்டியிருந்த தூளி மண்ணுக்குள் போயிருந்தது. அவர் அதை இழுத்து எடுத்து, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். சாராளின் வெள்ளைப் பெட்டி சாய்ந்து வெப்பமானிகள் இரண்டும் உடைந்திருந்தன. பக்கத்தில் அவள் வைத்திருந்த மழைமானி நிரம்பி வழிந்துவிட்டதால் எத்தனை அங்குலம் பெய்தது என்பது யாருக்கும் தெரியாமலே போனது.

திங்கட்கிழமை காலை எல்லாரும் பழைய கழுதைப் பாதை வழியாக நடந்து இறங்கினார்கள். முந்தலில் யோசேப்பு ரொட்டியும் காப்பியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். பொன்னுமணியின் புருஷன் காமராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றான். நாத்தனார் ஆட்டுப்பால் கொடுத்துச் சமாளித்திருந்தாள். பொன்னுமணி ஓடவில்லை. நடந்தே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். காய் பழுப்பானதைப் பற்றிச் சாராள் சொல்ல ஆரம்பித்தாள். யோசேப்பு அவளை நிறுத்தி, காப்பியை முதலில் குடி என்றார்.

அடுத்த வியாழக்கிழமை சாராள் சிலமலைக்குப் போனாள். அன்னக்கொடி சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டாள்:

"அந்தப் புயலு மலையத் தாண்டி மேக்குக் கடல்ல எறங்கி, திரும்பப் பலமாயிருச்சாமே. ரேடியோவுல சொன்னாகளாம்."

ஆமாம் என்றாள் சாராள். மலையில் தண்ணீரை இறக்கிவிட்டாலும் சுழல் கலையாமல் மிச்சம் இருந்திருக்கிறது. அந்தப் பக்கக் கடலும் சூடாக இருந்ததால் அதற்கு ஆவி திரும்பக் கிடைத்துவிட்டது என்று விளக்கினாள்.

"அப்ப நம்ம பக்கத்துல இருந்து போகையில அது எப்படிப் போச்சுன்னு அங்கிட்டு இருக்கவுகளுக்கு யாரு சொல்லுவா?"

சாராள் இதுவரை தன் பட்டத்துக்காக மட்டும்தான் எழுதி வைத்திருந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். சனிக்கிழமை காலை பத்திலிருந்து இரண்டேகால் வரைக்கும் தான் பார்த்த அளவுகளை, காற்று நின்ற நேரத்தை, திரும்பிய திசையை வரிசையாக எழுதினாள். வானிலை அலுவலகத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். வாரம் தவறாமல் இனி அனுப்பினால் அவர்கள் வாங்கிக்கொள்வார்களா என்றும் கேட்டு எழுதினாள்.

அன்னக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். நீங்கள் ஸ்டோர்ப் பக்கம் இருந்தீர்கள், நாங்கள் சரிவுக்குக் கீழே இருந்தோம், காற்று நின்றது உங்களுக்கு அரை மணி நேரம், எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஒரு செடியில் காய் எடுத்து முடித்து அடுத்த செடிக்குக் குனிவதற்குள் தெற்குக் காற்று கழுத்தில் பட்டுவிட்டது, கீழேதான் முதலில் திரும்பியது என்றாள்.

சாராள் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். எந்த இடம், எத்தனை செடி தள்ளி, எவ்வளவு நேரம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அன்னக்கொடி விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னாள். தாளில் இடம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி அதையும் எழுதி, பார்த்தவர் பெயர் அன்னக்கொடி, ஊர் சிலமலை என்று கீழே போட்டாள். எழுதியதை ஒரு முறை வாசித்துக் காட்டச் சொன்னாள் அன்னக்கொடி. சாராள் வாசித்துக் காட்டினாள்.